பூட்டிய அறைக்கு இருபத்தாறு குழந்தைகள்

லிங்கராஜபுரம், பெங்களூரு
9 ஜூன் 2024

கர்த்தருக்குள் அன்பான தம்பி நோயலுக்கு,

அக்கா ஐரின் எழுதுவது. இங்கே நானும் உன் மாமா டேரிலும் சுகம். அங்கே நீயும் மௌரீனும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். மௌரீனுக்கு வாந்தி நின்றதா? எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர்ந்து பார்க்கச் சொல்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். காரணம் இருக்கிறது. எங்கள் லைனில் தைக்கும் ஷோபா, கழிப்பறைக்குப் போகக்கூட டோக்கன் வாங்க வேண்டியிருக்கிறது என்று ஒரு தோழிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள். மூன்றாம் நாள் அந்தச் செய்தி எச்.ஆர். மேனேஜர் ப்ரஹ்லாத் சாரின் போனில் இருந்தது. அவளைக் கூப்பிட்டு அவளுக்கே படித்துக் காட்டினார். அன்றிலிருந்து கம்பெனி விஷயம் எதையும் நான் போனில் பேசுவதில்லை.

பீன்யாவில் இந்தத் தையல் கம்பெனிக்கு மாறி பத்து மாதம் ஆகிறது. தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். இப்போது என்னைத் தொழிலாளர் கமிட்டியில் போட்டிருக்கிறார்கள். துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்ட் கமிட்டி கேட்கிறதாம். தேர்தல் என்றார்கள், ஓட்டுப் பெட்டி வைத்துப் போட்டோ எடுத்தார்கள். பெட்டியைத் திறக்கும் முன்பே என் பெயரைப் படித்துவிட்டார்கள். வாய் திறக்காதவள் என்பதுதான் என் தகுதி என்று ஃப்ளோர் இன்சார்ஜ் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கேட்டுக்குப் பக்கத்தில் பிராண்டின் விதிகளைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். இங்கிலீஷிலும் கன்னடத்திலும் இருக்கிறது, எனக்கு இரண்டும் வாசிக்க வராது. ஷோபா கன்னட மீடியத்தில் படித்தவள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டச் சொன்னேன். ஏழாவது வரியில், வேலை செய்யும் தாய்மாரின் குழந்தைகளுக்குத் தனி அறை, பார்த்துக்கொள்ள ஆயா, பால் என்று இருக்கிறது. அறையும் இருக்கிறது. கதவில் முயல் படம், அதற்குக் கீழே பூட்டு. நான் சேர்ந்ததிலிருந்து அந்தப் பூட்டு திறந்து பார்த்ததில்லை. ஷோபாவின் மகள் தர்ஷினிக்கு மூன்று வயது. கணவன் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். கண் மங்கிய கீழ்வீட்டு அம்மாளிடம் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறாள்.

கம்பெனி கம்பெனியாகப் போய் இதையெல்லாம் விசாரித்து அறிக்கை எழுதுவதுதானே உன் வேலை. கமிட்டியில் இருப்பவள் என்ன செய்யலாம் என்று எழுது.

அன்புள்ள அக்கா,
ஐரின்


பெரம்பூர், சென்னை
21 ஜூன் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

நோயல் எழுதுவது. உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது கோர்ட்டு நோட்டீஸ் என்று மௌரீன் பயந்துவிட்டாள். எலுமிச்சம்பழம் வேலை செய்கிறது என்று சொல்லச் சொன்னாள்.

எங்கள் அக்கா கமிட்டி மெம்பர் என்று ஆபீசில் சொல்லிப் பெருமைப்பட்டேன். நீ கேட்டதற்கு வருகிறேன். அந்தப் பலகையில் இருப்பது பிராண்ட் தானாக முன்வந்து கொடுத்த வாக்கு. குழந்தைகள் அறை நம் சட்டத்திலும் உண்டு. ஆனால் சட்டத்தின் ஆள் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. பிராண்டுக்காக எங்களைப் போன்றவர்கள் வருஷா வருஷம் வருகிறோம். அந்த வாக்கை மீறினால் ஜெயில் கிடையாது. ஆர்டர் குறையலாம், அவ்வளவுதான். கம்பெனிகள் பயப்படுவதும் அதற்குத்தான்.

கமிட்டிக் கூட்டத்தில் வாயால் கேட்காதே. எழுத்தில் கொடு. அன்றைய நடவடிக்கைப் புத்தகத்தில் உன் கேள்வியை எழுதச் சொல். எழுதிய பிறகு கையெழுத்துப் போடு, முன்னால் போடாதே. ஆடிட்டுக்கு ஆள் வந்தால் உள்ளதைச் சொல். சொல்கிறவர்கள் பெயரை நாங்கள் வெளியே விடமாட்டோம்.

எந்தக் கம்பெனி என்று நீ சொல்லவே இல்லையே. பெயரை எழுது, விசாரித்துப் பார்க்கிறேன்.

மாமாவுக்கு என் அன்பு.

உன் தம்பி,
நோயல்


லிங்கராஜபுரம்
14 ஜூலை 2024

அன்பான நோயலுக்கு,

நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும். கம்பெனிப் பெயரையும் விலாசத்தையும் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நீ சொன்ன ஆடிட் இந்த மாதம் நான்காம் தேதி வந்தது. முந்தின நாளே அந்த அறையைத் திறந்து கழுவினார்கள். காலையில் ஒரு வேன் வந்தது. அதிலிருந்து பன்னிரண்டு குழந்தைகள் இறங்கின. இன்சார்ஜ்களின் சொந்தக்காரர் பிள்ளைகள் பாதி, பக்கத்து நர்சரிப் பிள்ளைகள் பாதி. ஷோபா ஓடிப்போய், என் பிள்ளையையும் இன்றைக்கு ஒரு நாள் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். அழுகிற குழந்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆடிட் செய்ய வந்த பெண் என்னைக் கேண்டீனில் உட்காரவைத்து விசாரித்தாள். இரண்டு மேஜை தள்ளி ப்ரஹ்லாத் சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் அறை தினமும் திறந்திருக்கிறதா என்று அவள் கேட்டாள். நான் தலையாட்டினேன், நோயல். வாயால் ஆமாம் என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது. சாயங்காலம் அதே வேனில் குழந்தைகளை ஏற்றிவிட்டு அறையைப் பூட்டினார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்த ஆடிட்டில் இந்த அறைக்கு நல்ல பெயர் கிடைத்ததாம். அதிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் அதையே பார்த்து எழுதுகிறார்கள் என்று பழைய தையல்காரப் பெண்கள் சொல்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த ஆள் என்றார்கள். அந்த மனிதர் எப்படி ஏமாந்தார்? உனக்குத் தெரிந்தவராக இருந்தால் கேட்டுச் சொல்.

அக்கா,
ஐரின்


லிங்கராஜபுரம்
18 ஆகஸ்ட் 2024

அன்பான நோயலுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. மௌரீனுக்கு ஏதாவதா என்று பயந்து மாமா போன் செய்தார். நன்றாக இருக்கிறோம் என்றாயாம். நல்லது.

சென்ற ஏழாம் தேதி தர்ஷினி கீழ்வீட்டுக் கதவைத் தானே திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். முக்கில் திரும்பிய ஸ்கூட்டர் இடித்தது. வலது தொடை எலும்பு முறிந்து இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. செய்தி பத்து மணிக்கே கம்பெனிக்கு வந்துவிட்டது. சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நாள் என்று ஷோபாவிடம் ஒன்றரை மணிக்குத்தான் சொன்னார்கள்.

ஒன்பது நாள் லீவு எடுத்தாள். திரும்பி வந்தபோது ராஜினாமாக் கடிதத்தை டைப் செய்து வைத்திருந்தார்கள். அவள் கையெழுத்துப் போடவில்லை. அந்த அறை ஏன் பூட்டியிருக்கிறது என்று நான் கமிட்டியில் நீ சொன்னபடி எழுத்தில் கொடுத்தேன். ப்ரஹ்லாத் சார் மரியாதையானவர்தான், கத்தமாட்டார். "ஐரினம்மா, வீட்ல புள்ளைய யார்கிட்ட விடறாங்கோங்கறது அவங்க பர்சனல். அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?" என்றார். இந்தப் பேச்சையும் புத்தகத்தில் எழுதுங்கள் சார் என்றேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அந்தச் சென்னை ஆளைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

ஐரின்


சென்னை
4 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். திருப்பூரில் தொடர்ந்து வேலை. மௌரீனுக்கு ஐந்தாம் மாதம். ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கிறது, கால் மட்டும் வீங்குகிறது.

அந்தக் குழந்தையைப் பற்றிப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. விளையாட்டுச் சாமான் கொஞ்சம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், கொடுத்துவிடு.

நீ நிதானமாக இருக்க வேண்டும், அக்கா. கமிட்டியில் ஒருமுறை கேட்டாயிற்று, போதும். அடிக்கடி கேட்டால் உன்னைத்தான் குறி வைப்பார்கள். இந்த வேலையில் பல கம்பெனிகளைப் பார்த்தவன் சொல்கிறேன். பழைய ஆடிட்டைக் கிளறி இப்போது யாருக்கு என்ன லாபம்? அவரவர் சூழ்நிலை அவரவருக்கு. மாமாவுக்கும் சர்க்கரை இருக்கிறது. உன் சம்பளம் வீட்டுக்கு வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நோயல்


லிங்கராஜபுரம்
22 செப்டம்பர் 2024

தம்பி நோயலுக்கு,

சுகம். பார்சல் வந்தது. தர்ஷினி பொம்மைக் காரை மாவுக்கட்டின் மேல் ஓட்டி விளையாடுகிறாள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உள்ளதைச் சொல் என்று ஜூனில் எழுதியவனும் நீதான். உனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. சொல்ல விருப்பமில்லை என்றால் விடு, நான் செய்யப்போவதைச் சொல்கிறேன்.

கம்பெனி பஸ்ஸில் வரும்போது ஒரு பெண் சும்மா சொன்னாள்: "வேன்ல வர்ற புள்ளைங்க உள்ள போவலாம்னா நம்ம புள்ளைங்க ஏன் போவக்கூடாது?" அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அதே கேள்வி நாலு லைனுக்குப் போய்விட்டது. ஆயுத பூஜை லீவு முடிந்து கம்பெனி திறக்கும் திங்கட்கிழமை எல்லாரும் பிள்ளைகளோடு வேலைக்கு வருகிறோம். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. பலகையில் எழுதியிருப்பதை நம்பி வந்தோம் என்போம். ஷோபாதான் பெயர் எழுதுகிறாள். இதுவரை பதினெட்டு.

வேண்டாம் என்று எழுதுவதானால் எழுதாதே.

ஐரின்


லிங்கராஜபுரம்
15 அக்டோபர் 2024

நோயலுக்கு,

நேற்று இருபத்தாறு குழந்தைகள் வந்தார்கள்.

கேட்டில் செக்யூரிட்டி நாராயணசாமி தடுத்தார். பாவம், அவருக்கு வந்த உத்தரவு அப்படி. பலகையை ஒருதரம் வாசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏழாவது வரியைக் கன்னடத்தில் சத்தமாக வாசித்தார். பிறகு எங்களைப் பார்க்காமலே கேட்டைத் திறந்துவிட்டார்.

பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றோம். ஷோபா தர்ஷினியை இடுப்பில் வைத்திருந்தாள். மாவுக்கட்டு பிரித்துப் பத்து நாள் ஆகியும் பிள்ளை காலை ஊன்ற மறுக்கிறாள். ப்ரஹ்லாத் சார் ஓடிவந்தார்.

"என்னம்மா இது, பர்மிஷன் இல்லாம?"

"பர்மிஷன் கேட்லயே எழுதியிருக்கு சார். கதவத் தெறங்க, புள்ளைங்கள விட்டுட்டு வேலைக்குப் போறோம்."

"சாவி என்கிட்ட இல்ல."

"வர்ற வரைக்கும் நிக்கிறோம்."

அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். நான் போகவில்லை. எதுவானாலும் இங்கேயே சொல்லுங்கள் என்றேன். சாப்பாட்டு டப்பாப் பையை முன்னால் பிடித்துக்கொண்டு கதவருகிலேயே நின்றேன். நாலு லைனும் ஓடவில்லை. ஒரு குழந்தை சிறுநீர் கழித்தது, ஒருத்தி துடைத்தாள். இரண்டு குழந்தைகள் சண்டை போட்டன. ஆண் தொழிலாளர்கள் சிலர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். பத்தே முக்காலுக்குச் சாவி வந்தது.

உள்ளே விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன. தொட்டில்களில் கயிறே கட்டவில்லை. சுவரில் ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தார்கள். 2022 பிப்ரவரி. குழந்தைகள் அறை சிறப்பாகவும் தினமும் இயங்குகிறது என்று இங்கிலீஷில் இருப்பதாக ஷோபா எழுத்துக் கூட்டிச் சொன்னாள். ஆடிட் செய்தவர் பெயரையும் அவள்தான் வாசித்தாள். நோயல் சாமுவேல். கீழே கையெழுத்து. என் கல்யாண ரிஜிஸ்தரில் சாட்சியாக நீ போட்ட அதே கையெழுத்து.

யார் அக்கா இது, உங்க தம்பி பேரும் நோயல்தானே என்று கேட்டாள். நான் அந்தக் கையெழுத்தை விரலால் தொட்டேன். அவள் புரிந்துகொண்டாள்.

ஐரின்


சென்னை
3 நவம்பர் 2024

அக்காவுக்கு,

சுகம் கேட்க எனக்குத் தகுதி இல்லை என்றாலும் கேட்கிறேன். சுகமா?

ஜூலைக் கடிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது. அதனால்தான் எழுதவில்லை. பிறகு எழுதியதும் உன்னைக் காப்பாற்ற இல்லை, என்னைக் காப்பாற்றத்தான்.

2022 பிப்ரவரியில் நான்தான் வந்தேன். நீ அப்போது அங்கே இல்லை. ஒரே நாளில் தொள்ளாயிரம் பேர் வேலை செய்யும் இடத்தைப் பார்த்து முடிக்க வேண்டும். அந்த அறையில் பதினாலு குழந்தைகள் இருந்தன. ஒரு சின்னப் பெண் மட்டும் செருப்பைக் கழற்றாமல் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். தினமும் வருவியா என்று கேட்டேன். இல்ல அங்கிள், இன்னைக்குத்தான் என்றாள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். வருஷம் முழுக்க ஒரே பேனா. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பதினாலு குழந்தைகள் வந்ததாக எழுதியிருந்தார்கள். இரண்டையும் என் நோட்டில் குறித்துக்கொண்டேன், பதிவேட்டைப் போட்டோவும் எடுத்தேன்.

சாயங்காலம் என் சீனியர் போனில் கேட்டுவிட்டு, சின்ன விஷயம், அறை இருக்கிறதா இல்லையா, இருக்கிறது என்று எழுது என்றார். எங்களுக்குக் கூலி கொடுப்பது நாங்கள் சோதிக்கிற கம்பெனியேதான், அக்கா. அது எல்லாருக்கும் தெரியும். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு மறந்தும் போனேன். அந்தக் குழந்தை சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காதது போல எழுதினேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. என் அறிக்கை பொய் என்று பிராண்டுக்கு எழுதலாம். எழுதினால் வேலை போகும், வேறு இடத்திலும் எடுக்கமாட்டார்கள். மௌரீனுக்கு ஜனவரியில் பிரசவம். நீ சொன்னால் எழுதுகிறேன்.

நோயல்


லிங்கராஜபுரம்
17 நவம்பர் 2024

நோயலுக்கு,

சுகம்.

அறை பன்னிரண்டு நாள் திறந்திருந்தது. பிறகு ரிப்பேர் என்று பூட்டிவிட்டார்கள். எனக்கு ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வந்தது. வெளியாட்களை உள்ளே கூட்டிவந்து உற்பத்தியைக் கெடுத்தேனாம். வெளியாட்கள் என்று சொல்லியிருப்பது அந்தப் பிள்ளைகளை. கமிட்டியிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஷோபாவுக்கும் இன்னும் நான்கு பேருக்கும் அதே நோட்டீஸ். பயந்து ஏழு பேர் விலகிக்கொண்டார்கள். மற்றவர்கள் இன்றுவரை பிள்ளைகளோடுதான் வருகிறார்கள். கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் புடவை விரித்து உட்காரவைத்து, ஆளுக்கு அரைமணி முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

நோட்டீசுக்குப் பதில் எழுதினேன். மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. ஜூலை நான்காம் தேதி விசாரணையில் நான் தலையாட்டியது பொய் என்றும் எழுதி, பெயரும் என் ஐ.டி. கார்டு நம்பரும் போட்டுக் கொடுத்தேன். பிராண்டுக்கும் ரிஜிஸ்டர் தபாலில் ஒரு நகல் போயிருக்கிறது. நகல் வேண்டாமே என்றார் ப்ரஹ்லாத் சார். போய்விட்டது சார் என்றேன்.

நீ சொன்னால் எழுதுகிறேன் என்கிறாய். நான் சொல்லமாட்டேன். எழுதாதே என்றும் சொல்லமாட்டேன். உன் பாரத்தை என் தலையில் வைக்கப் பார்க்காதே. நான் தலையாட்டியது என்னுடையது, அதை நானே திருத்தினேன். உன்னுடையது உன்னிடம் இருக்கிறது.

மௌரீனை மாடிப்படி அதிகம் ஏறவிடாதே.

ஐரின்


சென்னை
12 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

நான் நலம், மௌரீன் நலம். உங்கள் இருவர் நலமும் வேண்டும்.

எழுதிவிட்டேன். நோட்டின் அந்த இரண்டு பக்கங்களையும் பதிவேட்டின் போட்டோவையும் சேர்த்து பிராண்டின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். நகல் இத்துடன். மூன்றாம் நாள் எங்கள் நிறுவனம் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறினேன் என்று வக்கீல் கடிதமும் வந்திருக்கிறது. பார்ப்போம்.

மௌரீனிடம் அனுப்புவதற்கு முன்னால் சொன்னேன். இதை அப்பவே செய்திருக்கலாமே என்று மட்டும் கேட்டாள்.

நோயல்


லிங்கராஜபுரம்
2 பிப்ரவரி 2025

அன்பான தம்பி நோயலுக்கும் மௌரீனுக்கும் புதிதாய்ப் பிறந்த என் மருமகளுக்கும்,

அக்காவும் மாமாவும் ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. போட்டோவை மாமா தேவாலயத்தில் எல்லாரிடமும் காட்டிவிட்டார். சிசேரியன் காயம் ஆறும்வரை மௌரீன் குனிந்து எதையும் தூக்கக்கூடாது.

ஜனவரி இரண்டாம் வாரம் பிராண்டிலிருந்து இரண்டு பெண்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். நேரே அறைக்குப் போனார்கள். கதவில் பூட்டு, மேஜைக்குப் பக்கத்தில் பதினைந்து குழந்தைகள். வேன் அனுப்பக் கம்பெனிக்கு நேரம் கிடைக்கவில்லை. எங்களிடம் கம்பெனிக்குள் பேச வேண்டாம் என்றோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் தேவாலயத்து ஹாலில் உட்கார்ந்து பேசினார்கள். நாற்பத்தொரு பெண்கள் வந்தார்கள். உன் நோட்டின் நகல் அவர்கள் கையில் இருந்தது. பதிவேட்டில் ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை அவர்களே வாசித்தார்கள். ஹாலில் சிரிப்பு. ஷோபா மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது அறை தினமும் திறக்கிறது. இரண்டு ஆயாக்கள். ஷோபா உள்பட எல்லார் நோட்டீசையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், என்னுடையதைத் தவிர. கூட்டி வந்தவள் என்று என்னை நகரத்துக்கு வெளியே இன்னொரு யூனிட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். நானாக விலகுவேன் என்று நினைக்கிறார்கள். விலகமாட்டேன். ஆட்சேபணையோடு சேர்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். இங்கே செக்கிங்கில் நிற்கும் பெண்கள் இரண்டாம் நாளே, பீன்யா ஐரின் நீங்கதானே என்று கேட்டார்கள்.

உன் கடிதத்தை ஷோபாவுக்கு வாசித்துக் காட்டினேன். நவம்பர் கடிதத்தையும் வாசித்தேன், எதையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும் தர்ஷினியை மடியிலிருந்து இறக்கி நடக்கவிட்டாள். தர்ஷினி நடக்கிறாள். வலது கால் சற்றுக் கட்டை. வளர வளரச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். "உங்க தம்பி வந்தா என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கோ அக்கா. அவர் எழுதினது நல்லதுதான். ஆனா என் புள்ள நடக்கறத அவர் ஒரு தடவ பாக்கணும்" என்றாள்.

அவள் சொன்னதை நான் மென்மையாக்கவில்லை. உன் வேலை போனது எனக்கு வலிக்கிறது. நீ செய்தது எனக்குப் பெருமை. இரண்டும் அவளுக்குத் தேவையில்லை.

மௌரீன் எழுந்து நடமாடியதும் வா. கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு மாமா வருவார். முதலில் ஷோபா வீடு. தர்ஷினி வாசலுக்கு நடந்து வருவாள், நீ நின்று பார். அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல். முடிந்த பிறகு நம் வீட்டுக்கு வா, சோறு வைத்திருப்பேன்.

உன் அக்கா,
ஐரின்